பிள்ளைகளைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்ப: நெல்லை, பாளைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீடு மகாராஜநகர்ப் பக்கம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடம் பாளையில், சுமார் மூன்று கிலோமீட்டர். போன வருடம் பள்ளி திறந்த வாரத்தில் கடைக்குப் போய் ஒரு சைக்கிள் வாங்கி, மறுநாளே மகளை அதில் அனுப்பினோம். பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் மெயின் ரோட்டுத் திருப்பத்தில் சைக்கிளை நிறுத்தக் கால் எட்டாமல் விழுந்தாள். முழங்கை உரிந்து போனது. அதே வாரம் பள்ளியிலும் "அனுமதிக் கடிதம் இல்லாமல் சைக்கிள் கொண்டு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். பழையபடி ஆட்டோதான்.

இந்த வருடம் ஏப்ரலிலேயே ஆரம்பித்து, வேலைகளின் வரிசையை மாற்றிச் செய்தோம். ஜூன் முதல் மகள் தெருப்பிள்ளைகளோடு சைக்கிளில் போகிறாள், மகன் என்னோடு வருகிறான். முதல் தடவை நாங்கள் முதலில் செய்த வேலை சைக்கிள் வாங்கியது. இந்தத் தடவை அது நான்காவது வேலையாக வந்தது. நாங்கள் ஒரு வருடம் வீணாக்கியதைப் போல நீங்களும் வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நேரக் கணக்கு இது: ஏப்ரலில் வழி பார்ப்பது, பள்ளி பூட்டுவதற்கு முன் கடிதம் கொடுப்பது, மே முதல் வாரம் சைக்கிள், மே முழுக்கப் பழக்கம், ஜூனில் கூடவே போவது. நடு வருடத்தில் ஆரம்பிக்கிறவர்களும் ஆறு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

1. தூரத்தை அளந்து, பிள்ளையின் வயதோடு வைத்துப் பாருங்கள்

பத்து வயதுப் பிள்ளை சாதாரணமாக மிதித்தால் மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் போகும். மூன்று கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம் என்று கணக்கு வரும். ரோட்டைக் கடக்கக் காத்திருப்பது, சைக்கிளைப் பூட்டுவது எல்லாம் சேர்த்து நாங்கள் இருபத்தைந்து நிமிடம் வைத்திருக்கிறோம்.

ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் சைக்கிளே வேண்டாம், நடக்க விடுங்கள். ஒன்றிலிருந்து நான்கு கிலோமீட்டர் சைக்கிளுக்கு ஏற்ற தூரம். அதற்கு மேல் எட்டாம் வகுப்பு தாண்டிய பிள்ளைகள் போகலாம், சின்னவர்களுக்கு 9-ஆவது படியில் சொல்கிற பஸ்-சைக்கிள் முறை நல்லது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எவ்வளவு பக்கமாக இருந்தாலும் தனியாக அனுப்பாதீர்கள். இது சட்டம் இல்லை, என் முடிவு. வேகமாக வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அந்த வயதில் சரியாகக் கணிக்க முடிவதில்லை. என் மகனிடம் இதை நேரிலேயே பார்த்தேன்.

2. வழியை நீங்களே மிதித்துப் பாருங்கள்

இந்த ஒரு படிக்கு மட்டும் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். போனில் உள்ள மேப் காட்டுவது பெரும்பாலும் வண்டி போகிற பெரிய ரோடு. பிள்ளைக்கு வேண்டியது சின்னத் தெருக்களின் வழி. அது அரை கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், தெருக்கள் பிடிபடும். அப்புறம் ஒரு பள்ளி நாளில் காலை எட்டரை மணிக்கு அதே வழியில் போங்கள். இரண்டும் ஒரே ஊர்தானா என்று தோன்றும். ஞாயிறு காலை மட்டும் பார்த்து முடிவு செய்ததுதான் போன வருடம் நாங்கள் செய்த பிழை.

பார்த்துக் குறிக்க வேண்டியவை:

வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, சமாதானபுரம் மாதிரியான சந்திப்புகள் வழியில் வருகிறதா? வந்தால் அங்கே சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு கடப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். ஓட்டிக்கொண்டே வலது பக்கம் திரும்புவது பெரியவர்களுக்கே சிரமமான இடங்கள் அவை. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே விதிதான்: பெரிய ரோட்டில் வலது திருப்பம் கிடையாது. இடது ஓரமாகப் போய், நின்று, இறங்கி, நடந்து கடக்க வேண்டும்.

நாலுவழிச்சாலையைத் தொடவே வேண்டாம். கே.டி.சி. நகர், ரெட்டியார்பட்டிப் பக்கம் வீடு உள்ளவர்கள் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிற பைக்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். அது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போகிற பிள்ளைகள் திருவள்ளுவர் ஈரடுக்குப் பாலத்தில் கீழ்ப்பாலத்தையே பிடிக்கட்டும். பஸ்ஸும் லாரியும் மேலேதான் போகும், கீழே ஏற்றமும் குறைவு. பாளைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் ஆற்றைக் கடக்க வேண்டியவர்கள் கொக்கிரகுளம் பாலத்தில் காலை ஒன்பதை ஒட்டிய நெரிசலைத் தவிர்க்க, எட்டேகாலுக்கே பாலம் தாண்டுவது போலக் கிளம்புங்கள். பதினைந்து நிமிடம் முன்னால் போனால் ரோடே வேறு மாதிரி இருக்கும்.

ரயில்வே கேட் வழியில் இருந்தால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குலவணிகர்புரம் கேட் பக்கம் பழகியவர்களுக்கு இது தெரியும். கேட் மூடியிருக்கும்போது சைக்கிளைக் குனிந்து உள்ளே நுழைக்கிற பழக்கம் பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு வருகிறது. கேட் திறந்ததும் முதலில் பைக்குகள் பாயும். பிள்ளை ஓரமாக நின்று, அவை போன பிறகு உருட்டிக்கொண்டு கடக்கட்டும். தண்டவாளத்தை எப்போதும் நேராகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் மாட்டும்.

ரோட்டோர மணல், மூடி இல்லாத வாறுகால் (சாக்கடை), கூட்டமாகப் படுத்திருக்கும் நாய்கள், காலையில் லோடு இறக்கும் கடைகள், இவற்றையும் பாருங்கள். மணலில் பிரேக் பிடித்தால் சறுக்கும் என்று சொல்லிக் கொடுத்தால் போதாது, எந்த இடத்தில் மணல் இருக்கிறது என்றே காட்ட வேண்டும்.

கடைசியில் ஒரு தாளில் வழியை வரைந்து, இறங்கி நடக்க வேண்டிய இடங்களில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். எங்கள் தாளில் நான்கு வட்டம். அதைப் படம் எடுத்து வைத்தோம், கடிதத்தோடு கொடுக்க உதவியது.

3. பள்ளியில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்

செலவு ஒன்றும் இல்லை, ஆனால் நேரம் எடுக்கும். எங்களுக்குப் பதினாறு நாள் ஆனது. பள்ளி பூட்டிவிட்டால் தலைமையாசிரியர் கையெழுத்து கிடைப்பது கஷ்டம், அதனால் ஏப்ரலிலேயே கொடுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். நான் எழுதியது இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, ஏழாம் வகுப்புக்குச் செல்லும் என் மகள் வரும் ஜூன் முதல் சைக்கிளில் பள்ளிக்கு வர அனுமதி வேண்டுகிறேன். அவள் வரும் வழியின் படம் இணைத்துள்ளேன். முதல் மூன்று வாரம் நான் உடன் வருவேன். வழியில் அவளுடைய பாதுகாப்பு எங்கள் பொறுப்பு. பள்ளி காட்டும் இடத்தில் சைக்கிளைப் பூட்டி நிறுத்துவாள். அவசரத்துக்கு எங்கள் இருவரின் தொலைபேசி எண்கள் கீழே உள்ளன."

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். வகுப்பாசிரியர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்னதை நம்பி நான் ஏமாந்தேன். பின்னர் வேறொருவர் வந்து கேட்டபோது காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

கடிதம் கொடுக்கும்போதே மூன்று விஷயம் கேளுங்கள். சைக்கிள் நிறுத்த நிழலான இடம் உண்டா? பல பள்ளிகளில் சைக்கிள் ஷெட் இருக்கிறது, ஆனால் அதில் ஆசிரியர்களின் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. வெயிலில் நின்றால் சீட் சுடும். இரண்டாவது, சைக்கிள் பிள்ளைகளை வேன்களும் ஆட்டோக்களும் நகர்வதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவோ, அவை போன பிறகோ விட முடியுமா? சாயங்காலம் நாலேகாலுக்குப் பள்ளி வாசலில் இருக்கிற நெரிசல்தான் முழு வழியிலும் ஆபத்தான இடம். மூன்றாவது, ஷெட்டில் ஒரு காற்றுப் பம்ப் வைக்கலாமா? எங்கள் பள்ளியில் பெற்றோர் நான்கு பேர் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம், ஆளுக்கு 150 ரூபாய்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மானமாக எழுத வைக்கலாம். தனியாகக் கேட்பதைவிட மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து போனால் பதில் சீக்கிரம் கிடைக்கிறது.

4. இப்போது சைக்கிள்

அளவுதான் முதல் கேள்வி. "பெரிய சைஸா எடுங்க, பிள்ளை வளந்திரும்லா" என்று கடையில் சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம். அதனால்தான் மகள் விழுந்தாள். ஏறத்தாழ ஏழிலிருந்து ஒன்பது வயதுக்கு 20 இஞ்ச் சக்கரம், ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்கு 24, அதற்கு மேல் 26. ஆனால் வயதைவிட உயரம் முக்கியம், பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போகாமல் வாங்கவே கூடாது. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும். இறங்கி நின்றால் நடுக்கம்பிக்கு மேலே நான்கு விரல் இடைவெளி வேண்டும். பிரேக் லிவரை அந்தக் கையால் அழுத்த முடிகிறதா என்றும் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு லிவர் எட்டுவதே இல்லை, யாரும் அதைக் கவனிப்பதும் இல்லை.

பாளையும் டவுனும் தட்டையான ஊர். கியர் வேண்டாம். தடித்த டயரும் முன் ஷாக் அப்சார்பரும் பார்க்க நன்றாக இருக்கும், எடை கூடும், மிதிக்கக் கஷ்டம். அந்த மாதிரி சைக்கிள்களில் மட்கார்டு, கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு எதுவும் வராது, எல்லாம் தனிக்காசு. பள்ளிக்குப் போகிற சைக்கிளுக்கு இந்த நான்கும்தான் முதல் தேவை. செயின் கவர் இல்லாவிட்டால் சுடிதாரும் பாவாடையும் மாட்டும்.

எங்கள் செலவை அப்படியே எழுதுகிறேன். மகளுக்கு 24 இஞ்ச் புதுசு 6,200 ரூபாய். போன வருடம் வாங்கிய பெரியதை மதினி மகளுக்குக் கொடுத்துவிட்டோம். மகனுக்குப் பழைய 20 இஞ்ச் 1,800, அதை ஓவர்ஹால் பண்ண 650. பூட்டு இரண்டு 500. ஹெல்மெட் இரண்டு 1,700. முன்விளக்கு, பின்சிவப்பு விளக்கு இரண்டு ஜோடி 700. கேரியர், ஸ்டாண்டு 450. எனக்கு வீட்டில் சும்மா கிடந்த சைக்கிளைச் சரி செய்ய 900. மொத்தம் 12,900. ஆட்டோவுக்கு இரண்டு பிள்ளைக்கும் மாதம் 2,400, பத்து மாதத்துக்கு 24,000 கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சைக்கிளுக்கு ஆர்.சி. கிடையாது, லைசன்ஸ் கிடையாது. அதனாலேயே பில்லை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கட்டாயம் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் பழைய விகிதம் போட்டிருந்தால் கேளுங்கள். பெடல் அச்சுக்குக் கீழே சைக்கிள் ஃபிரேமில் ஓர் எண் அடித்திருக்கும். அதை பில்லில் எழுதச் சொல்லி, போனில் படமும் எடுத்து வையுங்கள். காணாமல் போனால் ஸ்டேஷனில் புகார் கொடுக்கவும், கிடைத்தால் உங்களுடையது என்று காட்டவும் அந்த எண்தான் ஆதாரம். புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு: அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் விலையில்லா மிதிவண்டி உண்டு. நீங்கள் விண்ணப்பம் போட வேண்டாம், பள்ளியே பட்டியல் அனுப்பும். இரண்டு பொறிகள் இருக்கின்றன. உதவி பெறும் பள்ளியிலேயே சுயநிதிப் பிரிவில் படித்தால் இது வராது. பாளையில் நிறையப் பள்ளிகளில் இரண்டு பிரிவும் உண்டு, அட்மிஷன் போடும்போதே ஆபீசில் கேட்டுவிடுங்கள். அடுத்தது, சைக்கிள் ஜூன் முதல் நாள் கைக்கு வராது. வரும்வரை வேறு வழி வைத்துக்கொள்ளுங்கள்.

5. முதல் மிதிக்கு முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்

கடையில் பாகங்களை அவசரத்தில் மாட்டித் தருகிறார்கள். பள்ளியில் தரும் சைக்கிளும் அப்படித்தான். எங்கள் தெருமுனை அண்ணாச்சி புது சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஹேண்டில்பார் நட்டு ஒரு சுற்றும் பெடல் இரண்டு சுற்றும் இறுக்கினார், முன் சக்கரத்தில் கோட்டம் எடுத்தார், பின் பிரேக் கட்டையை மாற்றி வைத்தார். 120 ரூபாய்தான் வாங்கினார். ஒரு மாதம் ஓடிய பிறகு ஸ்போக்ஸ் கம்பிகள் தளரும், மறுபடி ஒரு தடவை காட்டுங்கள்.

6. மே மாதம்: தெருவில் பழக்கம்

சைக்கிள் விடத் தெரிவது வேறு, ரோட்டில் போகத் தெரிவது வேறு. காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் அதற்கு மேல் பிள்ளைகளை வெளியே வைக்கக்கூடாது.

நாங்கள் பழகிய வரிசை: நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. இதற்கே ஒரு வாரம் ஆனது, திரும்பினால் சைக்கிளும் சேர்ந்து திரும்பும். அப்புறம் ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுவது. அடுத்து, பின் பிரேக்கை முதலில் தொட்டு அப்புறம் முன் பிரேக் பிடிப்பது. முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் தலைகுப்புற விழுவார்கள். நின்றிருக்கும் ஆட்டோ, கார் பக்கத்தில் ஒரு கதவு தூரம் விட்டுப் போவது. தெருமுனை ஒவ்வொன்றிலும் காலை ஊன்றி நிற்பது. கடைசி வாரம் முதுகில் பையில்லாமல், கேரியரில் பையைக் கட்டி ஓட்டுவது. ஐந்தாறு கிலோ பையைத் தோளில் போட்டு ஓட்டினால் பிள்ளை நிதானம் இழக்கிறது. பழைய டியூபைக் கத்தரித்த பட்டைதான் கட்டுவதற்கு நல்லது, அண்ணாச்சி சும்மாவே தருவார்.

டபுள்ஸ் கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

7. ஜூன்: மூன்று வாரம் நீங்களும் சைக்கிளில்

ஸ்கூட்டரில் பக்கத்திலேயே பேசிக்கொண்டு போகாதீர்கள். அது பிள்ளையை ரோட்டின் நடுவுக்குத் தள்ளும். உங்களுக்கும் ஒரு சைக்கிள் வேண்டும், பிள்ளைக்குப் பின்னால் கொஞ்சம் வலது பக்கமாக வாருங்கள். முதல் வாரம் நீங்கள் சொல்லுங்கள், இரண்டாம் வாரம் பிள்ளை சொல்லட்டும், மூன்றாம் வாரம் வாயே திறக்காமல் பின்னால் வாருங்கள்.

அதற்குள் தெருவில் இன்னும் மூன்று நான்கு பிள்ளைகளைச் சேர்த்துவிட வேண்டும். எங்கள் செட்டில் இப்போது ஐந்து பேர். எட்டு மணிக்கு எங்கள் வாசலில் கூடுவார்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் யாருக்கும் காத்திருக்க மாட்டார்கள். வரிசையாக ஒருவர் பின் ஒருவர், ஓரளவு பெரிய பிள்ளை கடைசியில். வாரத்தில் ஒரு நாள் ஒரு பெரியவர் முறை வைத்துக் கூடப் போகிறோம். தனிப்பிள்ளையைப் பார்க்காமல் திருப்புகிற டிரைவர், ஐந்து பேர் வரிசையைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்கிறார். இதைத் தினமும் பார்க்கிறேன்.

வீட்டில் வருகிற எதிர்ப்பையும் சொல்ல வேண்டும். "பெரிய பிள்ளை ஆகப் போறா, இனி என்னட்டி சைக்கிளு" என்று என் மாமியார் கேட்டார்கள். நான் வாதாடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகள் ஐந்து பேரும் சேர்ந்து வருவதை வாசலில் நின்று பார்க்கச் சொன்னேன். இப்போது எட்டு மணிக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைப்பது அவர்கள்தான். பெண்பிள்ளைகளுக்கு மாதத்தில் சில நாள் சைக்கிள் வேண்டாம் என்று தோன்றினால் காரணம் கேட்காமல் பஸ்ஸில் அனுப்புங்கள். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தி இடுப்பில் கட்டச் சொல்லுங்கள். வழியில் யாராவது தொந்தரவு செய்தால் அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும், சொன்னதற்காகச் சைக்கிளை நிறுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-ஐ அவர்களுக்கு மனப்பாடம் ஆக்குங்கள்.

ஆனி, ஆடியில் காற்று. குற்றாலத்துச் சாரல் நமக்கு மழையாக வருவது குறைவு, மேற்கிலிருந்து காற்றாகத்தான் வந்து சேரும். பாளையிலிருந்து டவுன், பேட்டைப் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு எதிர்காற்று, பத்து நிமிடம் கூடுதலாக வையுங்கள். லாரி தாண்டிப் போகும் நொடியில் காற்றுத் தள்ளும், ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணில் மண் விழாமல் இருக்கச் சாதாரணக் கண்ணாடி ஒன்று உதவும்.

8. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு

நம் ஊருக்கு உண்மையான மழைக்காலம் இதுதான். நனைந்த பிரேக் பிடிக்க இரண்டு மடங்கு தூரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். தொங்கும் ரெயின்கோட் சக்கரத்தில் மாட்டும், சட்டையும் பேண்டுமாக உள்ளதை வாங்குங்கள். புத்தகத்துக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை. தண்ணீர் தேங்கிய ரோட்டில் சைக்கிளில் போகவே கூடாது, அடியில் வாறுகால் திறந்திருக்கும்.

தாமிரபரணியில் தண்ணீர் திறந்துவிட்டால் கருப்பந்துறை மாதிரித் தாழ்வான பாலங்கள் வழியாகப் போகிறவர்கள் அந்த வாரம் வழியை மாற்றுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைக்கு விளக்கு இல்லாமல் சைக்கிள் கிடையாது. அதற்கு மேல் நேரமாகும் டியூஷனுக்கு நாங்கள் போய்க் கூட்டி வருகிறோம்.

9. தூரம் அதிகமானால்: பஸ், ரயில், சைக்கிள் சேர்த்து

முன்னீர்பள்ளம், சிவந்திபட்டி, மானூர்ப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளுக்கு முழுத் தூரமும் சைக்கிள் சரிப்படாது. ஊருக்குள்ளிருந்து மெயின் ரோடு வரை சைக்கிள், அங்கிருந்து பஸ். ஸ்டாப் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டால் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்த விடுவார், பூட்டிவிட்டுப் போகலாம்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் பள்ளி வழியாகவே வரும். பள்ளி கேட்கும்போது புகைப்படத்தையும் ஏறும் இடம், இறங்கும் இடத்தின் பெயரையும் சரியாகக் கொடுங்கள். ஸ்டாப் பெயர் தப்பாகப் பதிவானால் திருத்துவதற்கு வாரங்கள் ஆகும். புது அட்டை வரும்வரை சீருடையில் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். கூட வரும் அம்மாக்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பயணம் இலவசம். கூட்டமான பஸ்ஸில் படியில் தொங்குவதைவிட இருபது நிமிடம் முந்திய பஸ்ஸைப் பிடிக்கப் பழக்குங்கள்.

சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, செய்துங்கநல்லூர் என ரயில் நிற்கும் ஊர்க்காரர்கள் சீசன் டிக்கெட்டை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையும், மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையும் இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். அதற்கான படிவத்தில் பள்ளியின் சான்று வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். ரயில் நேரம் பள்ளி நேரத்துக்கு ஒத்து வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

10. "ஸ்கூட்டி வாங்கித் தாங்க" என்று கேட்கும் வயதில்

ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பேச்சு வரும். பாளையில் சீருடையோடு ஸ்கூட்டர் ஓட்டுகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறோம், அதனால் அது சரி என்றாகாது. நாம் வாங்குகிற ஸ்கூட்டரை ஓட்ட 18 வயது ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசன்ஸ் கிடைக்காது. இதை மிரட்டலாக இல்லாமல், உட்கார வைத்துச் சொல்லுங்கள். என் அண்ணன் மகன் கடைசி விஷயத்தைக் கேட்டதும்தான் கேட்பதை நிறுத்தினான்.

பேட்டரி சைக்கிள் ஒரு நடுவழி. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாக, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அதற்குப் பதிவும் லைசன்ஸும் வேண்டாம். வாங்கும்போது இந்த எண்கள் பில்லிலோ கையேட்டிலோ அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். "வேகத்தைக் கூட்டித் தர்றோம்" என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கூட்டிய அந்த நொடியில் அது மோட்டார் வாகனம்.

11. பஞ்சர், காற்று, மாதச் செலவு

நம் பக்கத்தில் பஞ்சருக்குப் பாதிக் காரணம் உடைமுள். காலி மனைகளை ஒட்டிய ஓரத்தில் வெட்டிப்போட்ட முள் கிடக்கும். அந்த இடங்களில் ஓரத்தைவிட்டு ஒரு முழம் உள்ளே ஓட்டச் சொல்லுங்கள். டயரில் குத்திய முள்ளை வழியில் பிடுங்காமல் கடைவரை உருட்டிக்கொண்டு போவது நல்லது, பிடுங்கினால் மிச்சக் காற்றும் போய்விடும். பஞ்சருக்கு எங்கள் தெருவில் 40 ரூபாய். ஞாயிறு காலையில் காற்றடிப்பது, செயினுக்கு எண்ணெய் விடுவது, பிரேக் கட்டை தேய்ந்ததா என்று பார்ப்பது, மூன்றும் பிள்ளையின் வேலை. மாதம் இரண்டு சைக்கிளுக்கும் 150 ரூபாய் தாண்டியதில்லை. பிள்ளையின் பையில் எப்போதும் 50 ரூபாயும் நம் எண் எழுதிய சீட்டும் இருக்கட்டும்.

12. ரோட்டில் குறை இருந்தால் மனு யாருக்கு

இங்கே நான் இரண்டு மாதம் அலைந்தேன். எங்கள் வழியில் மூடி இல்லாத வாறுகால் ஒன்று. ஓர் அலுவலகத்தில் கொடுத்த மனு, அது தங்கள் ரோடு இல்லை என்று திரும்பி வந்தது. முதலில் ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். காலனித் தெருக்கள் மாநகராட்சி: டவுன், தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என நான்கு மண்டலங்கள், உங்கள் வார்டு எதில் வருகிறதோ அங்கே கொடுக்க வேண்டும். ஊர்களை இணைக்கும் பெரிய ரோடுகள் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறை. நாலுவழிச்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையம், அதற்கு 1033 என்ற எண்ணில் சொல்லலாம். யாருடையது என்றே தெரியாவிட்டால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால், உரிய துறைக்கு அவர்களே அனுப்புவார்கள்.

மனுவில் இடத்தின் பெயர், பக்கத்துக் கடை அல்லது மின்கம்பத்தின் எண், பள்ளிப் பிள்ளைகள் எந்த நேரத்தில் எத்தனை பேர் அந்த வழியே போகிறார்கள் என்ற எண்ணிக்கை, இரண்டு புகைப்படம். எண்ணிக்கைக்காக ஒரு நாள் காலை அரைமணி நேரம் நின்று எண்ணினேன், 64 பிள்ளைகள். மனு எண் உள்ள ரசீதை வாங்கிக்கொண்டு, பதினைந்து நாள் கழித்து அதே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் வாறுகாலுக்கு மூன்றாவது தடவை கேட்டபோது சிலாப் போட்டார்கள். வழித்தாளில் இப்போது சிவப்பு வட்டம் மூன்றுதான்.